காட்லீப் டைம்லர்

காட்லீப் வில்ஹெல்ம் டைம்லர் (மார்ச் 17, 1834 – மார்ச் 6, 1900) ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த பொறியியலாளரும் தொழிலதிபரும் ஆவார். நான்கு வீச்சு எந்திரத்தைச் சிறியதாகவும், எடை குறைந்ததாகவும், வேகமாகச் சுழல்வதாகவும் மாற்றி, மனிதர் அமரும் இருக்கைக்கு அருகிலேயே பொருத்தக்கூடிய நிலைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். இப்பணியில் ஏறத்தாழ 35 ஆண்டுகள் இவருடன் துணை நின்றவர் வில்ஹெல்ம் மேபாக். 1885-இல் இவ்விருவரும் உருவாக்கிய ரைட்வாகன் என்னும் இருசக்கர வண்டி, பெட்ரோலிய எரிபொருளால் இயங்கும் எந்திரத்தைக் கொண்ட முதல் மோட்டார் சைக்கிளாகப் பரவலாகக் கருதப்படுகிறது.

நான்கு வீச்சு எந்திரத்தைக் கண்டுபிடித்தவர் டைம்லர் என்று சில பாடநூல்களில் காணப்படுவது சரியன்று. அவ்வகை எந்திரத்தை 1876-இல் இயக்கிக் காட்டியவர் நிகோலஸ் ஓட்டோ. அதனைத் தொழிற்கூடத்தின் தரையிலிருந்து எடுத்து வண்டியின் சட்டகத்தில் ஏற்றியதே டைம்லரின் சாதனை. இரண்டும் வெவ்வேறு வகையான அரிய செயல்கள்.

இளமையும் கல்வியும்

டைம்லர் வூர்ட்டம்பெர்க் அரசைச் சேர்ந்த ஷார்ன்டார்ஃப் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ரொட்டி சுடும் தொழில் செய்தவர். மகன் அரசுப் பணியில் சேர வேண்டும் எனக் குடும்பத்தினர் விரும்பினர். ஆனால் வடிவ கணிதத்திலும் கருவிகளிலும் நாட்டம் கொண்டிருந்த சிறுவன் 1848-இல் துப்பாக்கி செய்யும் கொல்லரிடம் தொழில் பழகச் சேர்ந்தான். நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர், தேர்ச்சியைக் காட்டுவதற்காக இரட்டைக் குழல் கைத்துப்பாக்கிகள் இரண்டைச் செய்து முடித்தான். இரும்பை நுண்ணிய அளவுக்குக் கடைந்து பொருத்தும் பயிற்சி பிற்காலத்தில் சிலிண்டரும் பிஸ்டனும் செய்ய உதவியிருக்கும் என்பதில் ஐயமில்லை.

வூர்ட்டம்பெர்க்கில் தொழில் வளர்ச்சிக்குப் பாடுபட்ட ஃபெர்டினண்ட் ஸ்டைன்பைஸின் ஆதரவு டைம்லருக்குக் கிடைத்தது. அல்சாஸ் பகுதியில் க்ராஃபன்ஸ்டாடன் என்னுமிடத்தில் இருந்த ரயில் எந்திரத் தொழிற்சாலையில் பணியாற்றிய பின், 1857 முதல் 1859 வரை ஸ்டுட்கார்ட் பல்தொழில் கல்லூரியில் பயின்றார். நீராவியால் இயங்கும் எந்திரங்களை அங்கு ஆழமாகக் கற்ற போதிலும், சிறிய பட்டறைகளுக்கு ஏற்ற மலிவான எந்திரம் நீராவியால் அமையாது என்ற முடிவுக்கு வந்தார். கொதிகலனும் கரியும் தண்ணீரும் இல்லாமல் நீராவி எந்திரம் இயங்காது.

1860-இல் பாரிஸ் சென்றபோது, லெனோர் என்பவர் உருவாக்கிய வளிம எந்திரம் அந்நகரில் பெரிதும் பேசப்பட்டு வந்தது. பின்னர் இங்கிலாந்து சென்று லீட்ஸ், மான்செஸ்டர் முதலிய நகரங்களில் பணிபுரிந்தார்.

மேபாக்குடன் நட்பு

நாடு திரும்பிய டைம்லர் 1863-இல் ராய்ட்லிங்கன் நகரில் ஒரு கிறித்தவ அறநிலையம் நடத்திய எந்திரத் தொழிற்கூடத்தின் பொறுப்பாளரானார். அந்நிலையத்தில் வளர்ந்து வந்த பெற்றோரை இழந்த மாணவர்களுள் ஒருவர் வில்ஹெல்ம் மேபாக் (1846–1929). வரைபடம் வரைவதில் அவருக்கு இருந்த திறமையை டைம்லர் கண்டுகொண்டார். அன்று தொடங்கிய உறவு டைம்லர் இறக்கும் வரை முறியவில்லை. டைம்லர் கார்ல்ஸ்ரூ நகருக்குச் சென்றபோது மேபாக்கும் அங்கு சென்றார். டாய்ட்ஸ் நகருக்குச் சென்றபோதும் உடன் சென்றார். எண்ணத்தையும் முதலையும் டைம்லர் அளிக்க, வடிவமைப்பில் பெரும்பகுதியை மேபாக் செய்தார் என்பதால், கீழே கூறப்படும் வண்டிகளை டைம்லரின் தனி ஆக்கங்களாகக் கொள்ளலாகாது.

1867-இல் எம்மா குர்ஸ் என்பவரை டைம்லர் மணந்தார். பால், அடால்ஃப் ஆகிய மகன்கள் இருவரும் பின்னாளில் தந்தையின் நிறுவனத்தில் பணியாற்றினர்.

டாய்ட்ஸ் தொழிற்சாலையில்

1872-இல் கொலோன் நகருக்கு எதிர்க்கரையில் உள்ள டாய்ட்ஸில் ஓட்டோவும் ஆய்கன் லாங்கனும் நடத்திய வளிம எந்திரத் தொழிற்சாலையில் டைம்லர் தொழில்நுட்ப இயக்குநராகச் சேர்ந்தார். மேபாக் தலைமை வடிவமைப்பாளர் ஆனார். ஓட்டோ 1876-இல் நான்கு வீச்சு எந்திரத்தை இயக்கிக் காட்டினார். மறு ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். அதனைத் தொழிற்சாலையில் பெருமளவில் செய்யத்தக்க பொருளாக மாற்றியதில் டைம்லர், மேபாக் இருவருக்கும் பெரும் பங்கு உண்டு. ஆனால் காப்புரிமை ஓட்டோவின் பெயரால் வந்த எந்திரத்தையே குறித்தது. இது டைம்லரின் மனத்தில் கசப்பை வளர்த்தது.

இவ்வெந்திரத்தில் பிஸ்டன் இரண்டு முறை மேலும் இரண்டு முறை கீழும் செல்வது ஒரு சுற்று ஆகும். முதல் வீச்சில் எரிபொருளும் காற்றும் கலந்த கலவை உறிஞ்சப்படுகிறது. இரண்டாவதில் அது அழுத்தப்படுகிறது. மூன்றாவதில் எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. நான்காவதில் எரிந்த வளிமம் வெளியேற்றப்படுகிறது. ஆகவே நான்கில் ஒரு வீச்சு மட்டுமே ஆற்றலைத் தருகிறது. எஞ்சிய மூன்று வீச்சுகளிலும் எந்திரத்தைச் சுழல வைக்கக் கனமான சுழற்சக்கரம் தேவைப்பட்டது. ஓட்டோவின் எந்திரம் நிமிடத்திற்குச் சுமார் 180 சுற்றுகளே சுழன்றது. மெதுவாகச் சுழலும் எந்திரத்திலிருந்து மிகுந்த திறன் பெற வேண்டுமானால் அதைப் பெரிதாகச் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. பட்டறையின் மூலையில் நிலையாக நிற்கும் எந்திரத்திற்கு எடை ஒரு குறையன்று. டாய்ட்ஸ் நிறுவனத்தாருக்கு அந்த வணிகமே போதுமானதாக இருந்தது.

டைம்லரோ தரையிலும் நீரிலும் செல்லும் வண்டிகள் அனைத்திலும் எந்திரத்தைப் பொருத்த விரும்பினார். வேகமாகச் சுழன்றால் சிறிய எந்திரமும் போதிய திறனைத் தரும் என்பது அவரது கணக்கு. ஓட்டோவுடன் ஏற்பட்ட பூசல் தீராமல் 1882-இல் டாய்ட்ஸை விட்டு வெளியேறினார். ஈடாக 1,12,000 மார்க் மதிப்புள்ள பங்குகள் அவருக்குக் கிடைத்தன. விரைவில் மேபாக்கும் அவரைப் பின்தொடர்ந்தார்.

தோட்ட வீட்டுப் பட்டறை

ஸ்டுட்கார்ட்டை அடுத்த கான்ஸ்டாட் நகரில் தோட்டத்துடன் கூடிய ஒரு மாளிகையை வாங்கிய டைம்லர், தோட்டத்தில் இருந்த கண்ணாடி வீட்டை விரிவுபடுத்திப் பட்டறையாக்கினார். அங்கு நடந்தது என்னவென்று குடும்பத்தாருக்கும் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. இரவும் பகலும் உலோகம் தட்டும் ஓசையைக் கேட்ட தோட்டக்காரர், கள்ள நாணயம் அடிக்கப்படுவதாக ஐயுற்றுக் காவல் துறைக்குத் தெரிவித்தார் என்றும், காவலர் நுழைந்து பார்த்தபோது எந்திரங்களே இருந்தன என்றும் ஒரு செய்தி வழங்குகிறது.

வேகமான சுழற்சிக்குத் தடையாக இருந்தது தீமூட்டும் முறை. டாய்ட்ஸ் எந்திரங்களில் சறுக்கும் தகடு ஒன்று திறந்து, வெளியில் எரியும் சுடரைச் சிலிண்டருக்குள் காட்டி மூடும். இதனை மிக விரைவாகச் செய்ய இயலாது. அதற்கு மாற்றாக டைம்லரும் மேபாக்கும் சூடான குழாய் முறையை வளர்த்தெடுத்தனர். சிலிண்டரின் தலையில் செருகப்பட்ட சிறு குழாய், வெளியிலிருந்து ஒரு விளக்கின் சுடரால் செந்தணலாகச் சூடேற்றப்படும். அழுத்தப்பட்ட கலவை அக்குழாய்க்குள் நுழைந்ததும் பற்றிக்கொள்ளும். அசையும் உறுப்பு எதுவும் இதில் இல்லை. 1883 டிசம்பரில் இதற்கும், வெளியேற்று வால்வைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கும் காப்புரிமை பெறப்பட்டது. எந்திரத்தின் வேகம் நிமிடத்திற்கு 600 சுற்றுகளாக உயர்ந்தது.

1885-இல் உருவான செங்குத்து எந்திரம், உயரமான சுவர்க் கடிகாரத்தைப் போல் தோன்றியதால் நிலைக் கடிகாரம் என்று பெயர் பெற்றது. அதன் கிராங்க் தண்டும் சுழற்சக்கரமும் எண்ணெயும் தூசியும் புகாத ஒரே பெட்டிக்குள் அடைக்கப்பட்டிருந்தன. மேபாக் வடிவமைத்த கார்புரேட்டர் பெட்ரோலைக் காற்றுடன் கலந்து கொடுத்தது. இதனால் வளிமக் குழாய் வரும் இடத்திலேயே எந்திரம் நிற்க வேண்டும் என்ற நிலை ஒழிந்தது. சுழலும் உறுப்புகள் மூடப்பட்டதால் மனிதர் அதன் மேல் அமரவும் முடிந்தது. இந்த இரண்டாவது செய்தி பெரும்பாலான வரலாறுகளில் போதிய அளவு வலியுறுத்தப்படுவதில்லை.

ரைட்வாகன்

இச்செங்குத்து எந்திரத்தின் சிறிய வடிவமே ரைட்வாகனில் பொருத்தப்பட்டது. ரைட்வாகன் என்றால் சவாரி வண்டி என்று பொருள். ஒற்றைச் சிலிண்டரின் விட்டம் 58 மில்லிமீட்டர். வீச்சின் நீளம் 100 மில்லிமீட்டர். கொள்ளளவு 264 கன சென்டிமீட்டர். திறன் அரைக் குதிரைத்திறன். வண்டியின் மொத்த எடை சுமார் 90 கிலோகிராம். சட்டகமும் சக்கரங்களும் மரத்தாலானவை. சக்கரங்களுக்கு இரும்புப் பட்டை இடப்பட்டிருந்தது. வண்டி சாயாதிருக்க இருபுறமும் வில்லுடன் கூடிய சிறு சக்கரங்கள் இருந்தன. பட்டைச் சுற்றும் பற்சக்கரமும் பின்சக்கரத்தை இயக்கின. பட்டை ஓடும் கப்பியைப் பொறுத்து மணிக்கு 6 அல்லது 12 கிலோமீட்டர் வேகம் கிடைத்தது.

எந்திரத்தை எங்கு வைப்பது என்ற கேள்விக்கு இவ்வண்டியில் ஒரே விடைதான் இருந்தது. இரு சக்கரங்களுக்கும் நடுவில், சட்டகத்தின் உள்ளே செங்குத்தாக நிறுத்தினால்தான் எடை சமநிலை பெறும். அதிர்வு மரத்தைப் பிளக்காதிருக்க எந்திரம் ரப்பர்க் கட்டைகளின் மேல் அமர்த்தப்பட்டது. அதற்கு நேர் மேலே, குதிரைச் சேணம் போன்ற இருக்கை வைக்கப்பட்டது. ஓட்டுபவர் எந்திரத்தை இரு கால்களுக்கும் இடையில் கொண்டு அமர்ந்தார். இதில் ஒரு இடர் இருந்தது. சூடான குழாயும் அதனைச் சூடேற்றும் சுடரும் இருக்கைக்கு அடியிலேயே இருந்தன.

1885 ஆகஸ்ட் 29 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்ட இவ்வண்டி, அதே ஆண்டு நவம்பரில் கான்ஸ்டாட்டிலிருந்து உன்டர்டுர்க்ஹைம் வரை நெக்கர் ஆற்றோரமாக ஓட்டப்பட்டது. அப்பயணத்தில் இருக்கை தீப்பற்றிக்கொண்டது என்று கூறப்படுகிறது. எந்திரத்தின் திறனையும் எடையையும் பற்றி அவ்வளவு சிந்தித்தவர்கள் வெப்பத்தைப் பற்றிச் சிந்திக்கவில்லையா என்று வாசகர்கள் வியக்கலாம். ரைட்வாகன் விற்பனைக்காகச் செய்யப்பட்டதன்று. எந்திரம் ஒரு மனிதரைச் சுமந்து செல்லுமா என்பதைச் சோதிப்பதற்கான ஓர் ஊர்தி மட்டுமே. விடை கிடைத்ததும் டைம்லர் இருசக்கர வண்டியைக் கைவிட்டு நான்கு சக்கர வண்டிக்குச் சென்றார்.

வண்டி, படகு, வான்கலம்

1886-இல் குதிரை வண்டி ஒன்று வரவழைக்கப்பட்டது. மனைவிக்குப் பிறந்தநாள் பரிசு என்று வெளியில் சொல்லப்பட்டதாம். 462 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 1.1 குதிரைத்திறனும் கொண்ட எந்திரம் வண்டியின் தரையைத் துளைத்து, பின்னிருக்கைக்கு முன்னால் நிறுத்தப்பட்டது. குதிரை பூட்டும் தண்டு அகற்றப்பட்டது. இவ்வண்டி அடிப்படையில் எந்திரம் ஏற்றிய குதிரை வண்டியே. அதே ஆண்டு ஜனவரி 29 அன்று மன்ஹைம் நகரைச் சேர்ந்த கார்ல் பென்ஸ் தம் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை கோரியிருந்தார். பென்ஸ் குழாய்ச் சட்டகத்தையும் எந்திரத்தையும் ஒரே பொருளாக வடிவமைத்தார். இவ்வகையில் பென்ஸின் வண்டியே முன்னேறியது எனலாம். இருவரும் அதிகத் தொலைவில் வசிக்காத போதிலும் வாழ்நாளில் சந்தித்துப் பேசியதில்லை என்று கூறப்படுகிறது. ஓட்டோவின் காப்புரிமை ஜெர்மனியில் 1886 ஜனவரியில் செல்லாததாக்கப்பட்டதால், நான்கு வீச்சு எந்திரம் செய்ய இருந்த சட்டத் தடை இருவருக்கும் நீங்கியது.

அதே ஆண்டில் நெக்கர் ஆற்றில் எந்திரப் படகு ஓட்டிக் காட்டப்பட்டது. படகு எந்திரங்களே தொடக்கத்தில் நிறுவனத்திற்கு வருவாய் ஈட்டித் தந்தன. 1888 ஆகஸ்டில் வுல்ஃபெர்ட் என்பவரின் வான்கலம் டைம்லர் எந்திரத்துடன் பறந்தது. ஹைட்ரஜன் நிரப்பிய பையின் கீழ் திறந்த சுடரை வைத்துப் பறப்பது எத்தகைய துணிச்சல் என்பது 1897-இல் தெரிந்தது. அவ்வாண்டு பெர்லினில் வுல்ஃபெர்ட்டின் மற்றொரு வான்கலம் தீப்பற்றி விழுந்ததில் அவரும் உடன் சென்ற எந்திரப் பணியாளரும் இறந்தனர். அதன் பின்னும் சூடான குழாயைக் கைவிட டைம்லர் எளிதில் உடன்படவில்லை. ராபர்ட் பாஷின் காந்த மின்பொறி முறை டைம்லரின் இறுதி ஆண்டுகளிலேயே அவருடைய எந்திரங்களை வந்தடைந்தது.

எஃகுச் சக்கர வண்டி

1889 பாரிஸ் உலகக் கண்காட்சியில் காட்டப்பட்ட எஃகுச் சக்கர வண்டி, குதிரை வண்டியின் சாயல் இல்லாத முதல் டைம்லர் வண்டியாகும். மேபாக் வடிவமைத்த இதன் சட்டகம் மிதிவண்டியைப் போல் எஃகுக் குழாய்களால் ஆனது. இரண்டு சிலிண்டர்கள் ஆங்கில வி எழுத்தின் வடிவில் சாய்ந்து நின்ற எந்திரம் இருக்கையின் பின்புறம் தாழ்வாகப் பொருத்தப்பட்டது. எந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் சட்டகத்தின் குழாய்களினூடே ஓடியது. பற்சக்கரப் பெட்டி நான்கு வேகங்களைத் தந்தது. சட்டகம், இருக்கை, எந்திரம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று கருதி அமைக்கப்பட்டதை இவ்வண்டியில் காணலாம்.

ஜெர்மனியில் இதற்கு வரவேற்பு இல்லை. பிரான்சில் பனார் – லெவாசர் நிறுவனம் எந்திரத்தைச் செய்யும் உரிமையைப் பெற்றது. பியூஜோ நிறுவனமும் அதனை வாங்கித் தன் வண்டிகளில் பொருத்தியது. 1894-இல் பாரிசிலிருந்து ரூவான் வரை நடந்த போட்டியில் இவ்விரு நிறுவனங்களும் முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டன. இரண்டின் வண்டிகளையும் இயக்கியது டைம்லர் எந்திரமே.

நிறுவனத்தை இழத்தல்

முதல் போதாத நிலையில் டைம்லர் வெளியாரை நாடினார். 1890 நவம்பரில் வெடிமருந்து ஆலை நடத்திய மாக்ஸ் டுட்டன்ஹோஃபர், தோட்டா உற்பத்தியாளரான வில்ஹெல்ம் லாரன்ஸ் ஆகியோருடன் சேர்ந்து டைம்லர் மோட்டார் நிறுவனம் தொடங்கப்பட்டது. நிலையான எந்திரங்களை விற்று விரைவில் இலாபம் காண அவர்கள் விரும்பினர். டாய்ட்ஸை விட்டு எதற்காக டைம்லர் வெளியேறினாரோ, அதே வாதம் தம் பெயர் தாங்கிய நிறுவனத்திலேயே அவரை எதிர்கொண்டது.

மேபாக்குக்கு முன்வைக்கப்பட்ட ஒப்பந்தம் ஏற்கத்தக்கதாக இல்லாததால் அவர் 1891 பிப்ரவரியில் விலகினார். டைம்லர் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து, 1892 முதல் கான்ஸ்டாட்டில் மூடப்பட்டுக் கிடந்த ஹெர்மன் விடுதியின் நடனக் கூடத்தில் மேபாக்கைத் தனியே பணியாற்றச் செய்தார். ஃபீனிக்ஸ் எந்திரமும், பெட்ரோலை நுண்துளை வழியே பீச்சும் கார்புரேட்டரும் அக்கூடத்தில் பிறந்தவையே. இன்னொருபுறம் நிறுவனம் கடனில் மூழ்கியது. முறிவு அறிவிக்கப்படும் என்ற அச்சுறுத்தலின் கீழ் டைம்லர் தம் பங்குகளையும் காப்புரிமைகளையும் 66,666 மார்க்குக்கு விட்டுக்கொடுத்தார்.

இதற்கிடையே 1889-இல் எம்மா மறைந்தார். டைம்லரின் இதயமும் பழுதுற்றது. உடல் தேறுவதற்காக இத்தாலிக்குச் சென்றவர், பின்னர் லீனா ஹார்ட்மன் என்பவரை 1893-இல் மணந்தார்.

அவரை மீட்டது இங்கிலாந்திலிருந்து வந்த பணம். ஃபிரடெரிக் சிம்ஸ் என்பவரும் அவரைச் சார்ந்தோரும் ஃபீனிக்ஸ் எந்திரத்தின் உரிமைக்கு 3,50,000 மார்க் தர முன்வந்தனர். டைம்லரைத் திரும்ப அழைக்க வேண்டும் என்பது அவர்கள் விதித்த நிபந்தனை. 1895-இல் டைம்லரும் மேபாக்கும் நிறுவனத்திற்குத் திரும்பினர்.

மறைவும் அதற்குப் பின்னரும்

டைம்லர் 1900 மார்ச் 6 அன்று கான்ஸ்டாட்டில் காலமானார். அதே மாதம் 30-ஆம் நாள், பிரான்சில் நீஸ் நகரை அடுத்த லா டுர்பி மலையேற்றப் போட்டியில் ஃபீனிக்ஸ் பந்தய வண்டியை ஓட்டிய வில்ஹெல்ம் பாவர் விபத்தில் சிக்கி உயிரிழந்தார். கனமான எந்திரமும், உயர்ந்த இருக்கையும், முன்னும் பின்னும் குறுகிய சட்டகமும் அவ்வண்டியை வளைவுகளில் நிலைதடுமாறச் செய்தன. நிறுவனத்தின் முதன்மை வாடிக்கையாளரான எமில் யெல்லினெக் நீளமும் அகலமும் கூடிய, தாழ்ந்த வண்டியைக் கேட்டார். மேபாக் அழுத்திய எஃகுச் சட்டகத்தில் 35 குதிரைத்திறன் எந்திரத்தைத் தாழ்வாக அமர்த்தினார். யெல்லினெக்கின் மகளின் பெயரால் மெர்சிடிஸ் எனப்பட்ட அவ்வண்டி 1901 மார்ச்சில் நீஸ் போட்டிகளில் வென்றது. டைம்லர் அதனைக் காணவில்லை.

எந்திரத்தையும் இருக்கையையும் தாழ்த்தும் இப்போக்கின் எல்லையைக் கார்ட் எனப்படும் சிறு பந்தய வண்டியில் காணலாம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1956-இல் ஆர்ட் இங்கல்ஸ் முதலாவது கார்ட்டை உருவாக்கினார். அதில் இருந்தது புல்வெட்டிக்கான இரண்டு வீச்சு எந்திரம். வாடகைக்கு விடப்படும் தடங்களிலும் தொடக்கநிலைப் போட்டிகளிலும் பின்னர் நான்கு வீச்சு எந்திரங்கள் பெருகின. கார்ட்டுக்கு வில்தொகுப்பு கிடையாது. குழாய்ச் சட்டகம் முறுக்குவதே வில்லின் வேலையைச் செய்கிறது. இருக்கை சட்டகத்துடன் இறுகப் பிணைக்கப்படுவதால், அதன் இடத்தைச் சிறிது மாற்றினாலும் வண்டி வளையும் விதம் மாறிவிடும். எந்திரம் வழக்கமாக இருக்கையின் வலப்பக்கத்தில் அமர்ந்து, சங்கிலியால் பின்அச்சை இயக்குகிறது. எடையை ஈடுசெய்ய இருக்கை சற்று இடப்பக்கம் தள்ளிப் பொருத்தப்படுகிறது. ஒத்த திறனுடைய இரண்டு வீச்சு எந்திரத்தைவிட நான்கு வீச்சு எந்திரத்திற்கு எடை கூடுதல் என்பதால் இக்கணக்கு இன்னும் கவனமாகச் செய்யப்பட வேண்டும். வாடகைக் கார்ட்டுகளில் காணப்படும் 196 கன சென்டிமீட்டர் ஹோண்டா எந்திரம் 5 குதிரைத்திறனுக்கு மேல் தருகிறது. ரைட்வாகனின் எந்திரம் அதைவிடப் பெரிது. தந்ததோ அரைக் குதிரைத்திறன்.

நினைவிடங்கள்

1903-இல் கான்ஸ்டாட் தொழிற்சாலையில் ஏற்பட்ட தீவிபத்தில் மூல ரைட்வாகன் எரிந்து போயிற்று. ஸ்டுட்கார்ட் மெர்சிடிஸ்-பென்ஸ் அருங்காட்சியகத்திலும் பிற இடங்களிலும் உள்ளவை பின்னாளில் செய்யப்பட்ட படிகளே. 1926-இல் டைம்லர், பென்ஸ் நிறுவனங்கள் ஒன்றாக இணைந்தன. ஸ்டுட்கார்ட் விளையாட்டரங்கம் 1993 முதல் 2008 வரை டைம்லரின் பெயரைத் தாங்கியிருந்தது. கான்ஸ்டாட் தோட்ட வீடும், ஷார்ன்டார்ஃபில் அவர் பிறந்த வீடும் நினைவிடங்களாகப் பாதுகாக்கப்படுகின்றன. டைம்லரின் உடல் கான்ஸ்டாட்டில் உள்ள உஃப் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 1929 டிசம்பரில் இறந்த மேபாக்கும் அதே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.